மானாவாரிப் புஞ்சையில் மரம் வைத்தால் மண்ணின் ஈரம் கூடுமா, குறையுமா?

முதுகுளத்தூர்ப் புஞ்சை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தடி ஆழம் வரை கரிசல், அதற்குக் கீழே சுக்கான் என்னும் இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்கு. என் தகப்பனார் காலத்தில் கம்பும் மிளகாயும் விளைந்த நிலம், பிறகு பதினைந்து ஆண்டுகள் தரிசாகக் கிடந்து சீமைக் கருவேலங்காடாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொக்லைன் வைத்து வேரோடு எடுத்துவிட்டேன்.

இப்போது என்ன செய்வது என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வருகிறது. ஏக்கருக்கு 400 கன்று நட்டுவிடுங்கள், மரம்தான் மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்கிறார் ஒருவர். மரம் வைத்தால் இருக்கிற ஈரத்தையும் அது குடித்துவிடும், கருவேலம் செய்ததைத்தான் இதுவும் செய்யும் என்கிறார் இன்னொருவர். இருவருமே அனுபவம் உள்ளவர்கள் என்பதால் யாரை நம்புவது என்று தெரியாமல், நானே மூன்று இடங்களில் குழி வெட்டிப் பார்த்தேன்: ஒன்று கருவேலம் எடுத்த வெற்று நிலத்தில், இன்னொன்று வரப்போரம் நிற்கும் பழைய வேம்பின் அடியில், மூன்றாவது வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காட்டுக்காரரின் அனுமதியோடு அவருடைய கருவேலங்காட்டில்.

தை மாதம் பார்த்தபோது வேம்படியில் மேல் ஒரு சாண் மண் பொலபொலவென்று, மண்புழுக் கழிவோடு, கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. ஆனால் இரண்டடிக்குக் கீழே அதே மண் உதிரியாக, விரலில் ஒட்டாமல் உலர்ந்திருந்தது. வெற்று நிலத்தில் இதற்கு நேர்மாறு. மேலே அப்பளம்போல் இறுகிய பொருக்கு, இரண்டடிக்குக் கீழே பிசைந்து நாடாவாக இழுக்கும் அளவுக்கு ஈரம். கருவேலங்காட்டில் மூன்றடியில் கடப்பாரை இறங்கவில்லை. சித்திரையில் மறுபடி வெட்டியபோது வேம்படியும் கருவேலங்காடும் மேலிருந்து கீழ்வரை காய்ந்திருந்தன. வெற்று நிலத்தில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தும், மூன்றடியில் இலேசான ஈரம் இருந்தது. இதைப் பார்த்த பிறகு மரம் வைக்கவே தயக்கமாக இருக்கிறது. நான் பார்த்தது சரிதானா, அல்லது என் நிலத்துக்கு மட்டும் உரிய விதிவிலக்கா? வைப்பதானால் எத்தனை, எந்த மரம், எங்கே?

நீர்க்கணக்கு எழுதியது:

ஐயா, பலரும் கருத்துச் சொல்வதோடு நின்றுவிடும் இடத்தில் நீங்கள் கடப்பாரையை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் மூன்று குழிகளும் சொல்வது விதிவிலக்கு அன்று. வறண்ட நிலங்களில் பல நாடுகளிலும் அளந்து பார்த்தவர்கள் கண்டதும் ஏறத்தாழ அதுவே: மரம் மேல்மண்ணைச் சீர்படுத்துகிறது, அடிமண்ணின் ஈரத்தைச் செலவழிக்கிறது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் வெவ்வேறு ஆழத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெற்று நிலத்தின் அடியில் ஈரம் தங்கியது ஏன் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வெயில் மேல்மண்ணைத்தான் காய வைக்கும். மேலே சில அங்குலம் காய்ந்து போனதும் அந்தக் காய்ந்த அடுக்கே மூடியாகிக் கீழே உள்ள நீர் ஆவியாவதை மட்டுப்படுத்துகிறது. வேர் அந்த மூடியைக் கடந்து நேராக ஈரம் இருக்கும் இடத்துக்கே போய் எடுத்து வந்து இலை வழியாக வெளியே விடுகிறது. சீமைக் கருவேலம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அது நடப்பதைத் தலைகீழாகச் சொல்வது. அது மண்ணின் ஈரத்தைக் காற்றில் விடுகிறது, மற்ற மரங்களும் அதையே செய்கின்றன. இந்தக் கருவேலத்தின் தனித்தன்மை அதன் வேர் போகும் ஆழமும், அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும் நெருக்கமும். அமெரிக்காவின் அரிசோனாவில் 1960ஆம் ஆண்டு ஒரு சுரங்கத்தை வெட்டியபோது இதே பேரினத்து மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள்.

இனி 400 கன்றுக் கணக்குக்கு வருவோம். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர். நல்ல கரிசல், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக மீட்டருக்கு 150 மி.மீ. அளவில் பிடித்து வைக்கும் என்று கொண்டால், உங்கள் ஐந்தடிக்கு 225 மி.மீ. வருகிறது. ஓரளவு வளர்ந்த மரம் நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 400 மரத்துக்கு 8,000 லிட்டர், அதாவது நாளுக்கு 2 மி.மீ. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும்போது மண் முழுக்க நிறைந்திருந்தாலும், சித்திரை முடிவதற்குள் அந்த இருப்பு தீர்ந்துவிடும். அடுத்து நம்பத்தக்க மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். மரம் இலையை உதிர்த்துத் தன் தேவையைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அது மரம் பிழைப்பதற்கான வழி, உங்கள் மண்ணில் ஈரம் மிஞ்சுவதற்கான வழி அன்று. மாறாக ஏக்கருக்கு 40 மரம் மட்டும் இருந்து, இடம் தாராளமாக இருப்பதால் ஒவ்வொன்றும் இரு மடங்கு, அதாவது 40 லிட்டர், எடுத்தாலும் நாளுக்கு 0.4 மி.மீ.தான் ஆகிறது. 200 நாளுக்கு 80 மி.மீ.தான் செலவு, மீதி நிலத்தில் நிற்கும்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று தோன்றினால், நமக்கு அருகிலேயே அளந்து பார்த்த இடம் இருக்கிறது. கர்நாடகத்தில் பெங்களூருக்குக் கிழக்கே ஹொசகோட்டேயில், விளைநிலத்தில் வைத்த தைலமரங்களின் நீர்ச் செலவை ஆண்டுக்கணக்கில் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே பெய்த மழை 2,100 மி.மீ.; மரங்கள் செலவழித்ததாகக் கணக்கில் வந்தது 3,400 மி.மீ. பெய்ததைவிட அதிகமாக எப்படிச் செலவழிக்க முடியும் என்று கேட்கலாம். அங்கே மண் எட்டு மீட்டர் ஆழம். வேர் ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்கி, முன்பு கேழ்வரகு விளைந்த காலமெல்லாம் அடியில் சேர்ந்திருந்த பழைய ஈரத்தை எடுத்துவிட்டது. மண் ஆழம் குறைவாக இருந்த இடங்களில் மரத்தின் செலவு ஆண்டு மழைக்குச் சமமாக நின்றதே தவிர அதைத் தாண்டவில்லை. ஆனால் அங்கேயும் கேழ்வரகுப் பயிர் எடுத்ததைப்போல அது இரு மடங்கு.

பெரிய அளவில் இதைக் கண்கூடாகக் காட்டிய இடம் சீனாவின் லோயஸ் பீடபூமி. காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டல், பல இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் கனமாகக் கிடக்கும் ஆறு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் அது. மஞ்சள் ஆற்றுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்து கரைந்து வரும் மண்ணால்தான். 1999இல் சரிவுகளில் உழவை நிறுத்தி மரமும் புல்லும் வைக்கச் சொல்லி, உழவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுத்தது சீன அரசு. 31.6 விழுக்காடாக இருந்த தாவரப் போர்வை 2013க்குள் 59.6 விழுக்காடாக உயர்ந்தது. மண்ணரிப்பு வெகுவாகக் குறைந்தது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 160 கோடி டன் மண்ணைச் சுமந்த ஆற்றில் இன்று அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. இதில் தடுப்பணைகளுக்கும் படிக்கட்டு வயல்களுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் ரோபினியா மரமும், கரகானா என்னும் முட்புதரும், குதிரை மசாலும் நெருக்கமாக வைத்த இடங்களில் மழைநீர் எட்டாத ஆழத்தில் நிரந்தரமான உலர் அடுக்கு ஒன்று உருவாகிவிட்டது. அங்கே மரத்தை வெட்டிய பிறகும் அந்த அடுக்கு மறுபடி நனையப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. முந்தைய பத்தாண்டுகளில் அங்கே வைத்த பாப்லர் மரங்கள், முப்பது வயதிலும் ஆள் உயரத்தைச் சிறிதே தாண்டி நுனி காய்ந்து நிற்பதைப் பார்த்து, ஊர்க்காரர்கள் அவற்றுக்கு 'குட்டைக் கிழவன் மரம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்தப் பீடபூமி தாங்கக்கூடிய தாவர வளர்ச்சியின் எல்லையை அது நெருங்கிவிட்டது, இனியும் நட்டால் மனிதருக்கான நீர் குறையும் என்று 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கரிசல்காட்டாள் எழுதியது:

குட்டைக் கிழவன் மரத்தைப் பார்க்கச் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை. விளாத்திகுளம் பக்கம் எங்கள் காட்டுக்கு வந்தால் நான் காட்டுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கன்று விற்க வந்த ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு ஏக்கரில் மலைவேம்பு வைத்தோம், ஏக்கருக்கு நானூறுக்கும் மேல். முதல் இரண்டு ஆண்டுகள் கண் பட்டுவிடும் அளவுக்கு வளர்ந்தது. அதற்குக் காரணம் மரத்தின் திறமை இல்லை, அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் அந்தக் காடு சும்மா கிடந்ததால் அடியில் ஈரம் இருந்தது என்பது எனக்கு இப்போது நீர்க்கணக்கு ஐயாவின் விளக்கத்தைப் படிக்கும்போதுதான் விளங்குகிறது. மூன்றாம் ஆண்டு பருவமழை பொய்த்தது. மாசியிலேயே நுனி காயத் தொடங்கியது. பாதிக்கு மேல் பட்டுப்போய், மிஞ்சியவை இன்று வரை தொடை கனத்தைத் தாண்டவில்லை. மரத்தை ஒட்டிய காட்டில் உளுந்து போட்டால், கடைசி வரிசையிலிருந்து இருபது அடி தூரத்துக்குச் செடி முழங்காலுக்குக்கூட வருவதில்லை. இருபதாவது அடியில் கோடு கிழித்ததுபோல் பச்சை மாறும்.

அதனால் ஐயா, எத்தனை என்று முடிவு செய்யும் முன்பு மழைத்தண்ணீர் உங்கள் காட்டில் எங்கே நிற்கிறது, எப்படி வெளியே போகிறது என்று ஐப்பசியில் குடையோடு போய் நின்று பாருங்கள். நாங்கள் மிஞ்சிய காட்டில் செய்தது, சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, வரப்புக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் கொடுக்காய்ப்புளியும் நெல்லியும் சீத்தாவும் வைத்தது. நடுக்காடு முழுவதும் பயிருக்குத்தான். வரப்பு மரத்துக்கும் பயிருக்கும் நடுவில் ஒன்றரை அடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு ஒரு கான் வெட்டியிருக்கிறோம். பயிர்ப் பக்கம் வரும் பக்கவேர் அறுந்துவிடுகிறது, மழைக்காலத்தில் அந்தக் கானே தண்ணீரை நிறுத்தி உள்ளே இறக்குகிறது. கொழுக்கட்டைப் புல் மண்டினாலும் பிடுங்குவதில்லை. அறுத்து மரத்தடியில் மூடாக்காகப் போடுகிறோம். சித்திரையில் அந்த மூடாக்கை விலக்கிக் கையை வைத்தால் வெறும் தரைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்கையிலேயே தெரியும்.

வன்னிநிழல் எழுதியது:

மேலே சொன்னவற்றில் தவறு என்று எதுவும் இல்லை. ஆனாலும் படிப்பவர்கள் மரமே வேண்டாம் என்ற முடிவுக்குப் போய்விடுவார்களோ என்ற கவலையில் மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

ஈரக் கணக்கில் செலவுப் பக்கம் மட்டும் பேசப்பட்டிருக்கிறது, வரவுப் பக்கம் பேசப்படவில்லை. வெற்று நிலத்தின் பொருக்கின் மேல் பெய்யும் கனமழையில் பெரும்பகுதி கண்மாய்க்கு ஓடிவிடும். வேர் துளைத்து, இலைமக்கு சேர்ந்து, புழு குடைந்த மண்ணில் அதே மழை உள்ளே இறங்கும். கேள்வி கேட்டவர் வேம்படியில் மேல் ஒரு சாணில் பார்த்தது இதைத்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், ஏறத்தாழ ராமநாதபுரம் அளவுக்கே, 800 மி.மீ.யை ஒட்டி மழை பெய்யும் ஊர்ப்புறத்தில், நம் இலுப்பையின் உறவான ஷியா மரங்கள் நிற்கும் விளைநிலங்களில் மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நீர் அடிமண்ணைத் தாண்டி இறங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். மரமே இல்லாத இடத்திலும் குறைவு, மரம் அடர்ந்த இடத்திலும் குறைவு. அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் நிற்கும் நிலத்தில்தான் நிலத்தடிக்குப் போகும் நீர் மிகுதி என்று 2016இல் அந்த முடிவு வெளியாயிற்று. மரம் எடுத்துக்கொள்ளும் நீரைவிட அது உள்ளே இறக்கிவிடும் நீர் அதிகமாக இருக்கும் ஓர் அளவு உண்டு, அந்த அளவைத் தாண்டினால்தான் கணக்கு நட்டத்துக்குத் திரும்புகிறது.

எந்த மரம் என்பதும் எண்ணிக்கைக்குச் சற்றும் குறையாத கேள்வி. சீமைக் கருவேலமும் வன்னியும் தாவரவியலில் ஒரே பேரினம் என்று வெகுகாலம் வகைப்படுத்தப்பட்டவை. ஆண்டுக்கு 400 மி.மீ. மழைகூட எட்டாத மேற்கு ராஜஸ்தானில், கம்புக் கொல்லைகளின் நடுவில் வன்னியை உழவர்கள் வெட்டாமல் காக்கிறார்கள். அதனடியில் கம்பு மற்ற இடத்தைவிட நன்றாக வருகிறது என்பது அவர்கள் நெடுங்காலமாகக் கண்ட உண்மை. அதன் வேர் நேராகக் கீழே போவதும், இலை மெல்லியதாக இருந்து வெயிலை வடிகட்டி விடுவதும், தழையால் மண்ணில் தழைச்சத்து சேர்வதும் காரணங்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாக்கிவிடுகிறார்கள். இலை இல்லாத மரம் நீரைச் செலவழிப்பதில்லை. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான் இது, ஆனால் கன்றுக்கு யாரும் கேட்பதில்லை.

நீர்க்கணக்கு எழுதியது:

வரவுப் பக்கத்தை நான் விட்டது குறைதான், ஏற்றுக்கொள்கிறேன். புர்கினா ஃபாசோ முடிவை இங்கே கொண்டுவரும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மேல்மண் பெரும்பாலும் மணற்பாங்கு. கரிசல் வேறு விதம். வெடிப்பு விட்ட கரிசலில் முதல் மழை வெடிப்பு வழியே மளமளவென்று அடிக்குப் போய்விடும், அந்த நேரத்தில் மரத்தின் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. மண் ஊறி வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு, கார்த்திகை மழைகளில்தான் நீர் உள்ளே இறங்காமல் தேங்கி வழிகிறது. வேர்த்துளையும் இலைமக்கும் பயன்படுவது அப்போதுதான். ஆகவே அதே பலன் இங்கே கிடைக்கும், ஆனால் அதே அளவில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கரிசல்காட்டாள் அம்மா சொன்ன வரப்பும் கானும் அந்தக் கார்த்திகை நீரை நிறுத்துவதற்கு மரத்தைவிட விரைவான வழி. மரம் அந்த வேலையைச் செய்ய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், வரப்பு முதல் மழையிலேயே செய்துவிடும்.

ஆழ வேர்கள் அடியில் உள்ள நீரை இரவில் மேலே கொண்டுவந்து காய்ந்த மேல்மண்ணில் விடுகின்றன என்று சிலர் எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள். அது உண்மையே. அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு புதர்ச்செடியில் 1987இல் அதை அளந்து காட்டினார்கள். ஆனால் அது அடியில் நீர் இருக்கும் இடத்துக்கான பேச்சு. ஐந்தடியில் சுக்கான் தட்டும் நிலத்தில் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதுகுளத்தூர்ப் புஞ்சை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நான் ஒரு பதிலை எதிர்பார்த்தேன், எனக்குக் கிடைத்தது ஒரு அளவுகோல். 400 கன்றுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். ஆவணிக்குள் சரிவுக்குக் குறுக்கே நான்கு வரப்புகள் போட்டு, மேல்பக்கம் ஏக்கருக்கு முப்பது மரத்துக்கு மிகாமல் வைக்கலாம் என்றிருக்கிறேன். அதில் பாதி குடைவேலும் வன்னியும், மீதி கொடுக்காய்ப்புளியும் நெல்லியும். கிழக்கு எல்லையில் பனங்கொட்டை ஊன்றிவிடுகிறேன், அதன் பலன் என் பேரனுக்கு. நடுவில் கம்பும் மிளகாயும். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: வரப்பு மரத்துக்கு வெட்டும் கானை நடும் ஆண்டே வெட்டிவிடலாமா, அல்லது மரம் வளர்ந்த பிறகா? பழைய வேம்புக்கும் இப்போது வெட்டலாமா?

கரிசல்காட்டாள் எழுதியது:

கன்றுக்கு நடும் ஆண்டே வெட்டிவிடுங்கள், வேர் முதலிலிருந்தே தன் போக்கை மாற்றிக்கொள்ளும். தண்டிலிருந்து ஆறடி தள்ளி, பயிர்ப் பக்கம் மட்டும் போதும். பழைய வேம்புக்கு ஒரே ஆண்டில் வெட்டிவிடாதீர்கள், ஒரு பக்க வேர் மொத்தமாக அறுந்தால் ஆடிக்காற்றில் சாய்ந்துவிடும். பத்தடி தள்ளி, இந்த ஆண்டு பாதி நீளம், அடுத்த ஆண்டு மீதி. வெட்டும்போது வரும் அடிமண்ணைக் காட்டுக்குள் இறைக்காமல் வரப்பின் மேலேயே போடச் சொல்லுங்கள். கானை ஆண்டுக்கு ஒருமுறை புரட்டாசியில் தூர் எடுக்க மறந்தால் வேர் அதைத் தாண்டி வந்துவிடும், நாங்கள் ஒருமுறை மறந்து அந்த ஆண்டு உளுந்தில் பார்த்தோம்.